பாண்டி பஜார்: நடைபாதைக் கடைகள் இருந்த தெருவா, நடக்க இடம் இருக்கும் தெருவா?

பனகல் பாலு

சென்னை தி.நகரில் இருக்கும் பாண்டி பஜார் போய் வந்த கையோடு எழுதுகிறேன். பனகல் பார்க்கில் தொடங்கி தணிகாசலம் சாலை வரைக்கும் தியாகராய சாலையின் இரண்டு பக்கமும் இப்போது அகலமான நடைபாதை. உட்காரப் பெஞ்சு, வரிசையாக விளக்கு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவழித்து 2019 நவம்பரில் திறந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர்ப் பலகையை எடுத்துவிட்டால் அது பாண்டி பஜார் என்று என்னால் சொல்ல முடியாது.

நான் வளர்ந்த பாண்டி பஜார் நடைபாதையில் இருந்தது. கடைக்குள் ஏறுவது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் வெளியேதான் வேலை. தார்ப்பாய்க்குக் கீழே குண்டு பல்பு, அதன் வெளிச்சத்தில் தெர்மாகோல் அட்டை முழுக்கக் குத்தி வைத்த ஜிமிக்கி, பக்கத்தில் ரசம் போன கைக்கண்ணாடி. ஒரு வளையல்காரம்மா இருந்தார். கையை நீட்டினால் அளவு கேட்க மாட்டார். என் அக்காவின் கட்டைவிரலை உள்ளே மடக்கி, முட்டிகளைச் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கி, 'ரெண்டு நாலு' என்பார். ஒருநாளும் தப்பியதில்லை. ஒரு வளையல்கூட உடையாமல் டஜனையும் ஏற்றிவிடுவார்.

அப்புறம் கீதா கஃபேயில் காபி. காசு இருந்தால் ராஜகுமாரி தியேட்டரில் படம். நடிகை டி.ஆர்.ராஜகுமாரி தன் பெயரிலேயே வைத்திருந்த தியேட்டர் அது. அதுவும் இப்போது இல்லை.

நான் சொல்வது இதுதான். பெரிய கடைகள் எந்த ஏரியாவிலும் கிளை திறக்கும். பாண்டி பஜாருக்கு என்று இருந்த உயிர் நடைபாதை வியாபாரிகள். அவர்களை எடுத்த பிறகு மிச்சம் இருப்பது சாலை மட்டும். அவர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

உஷா மேற்கு மாம்பலம்

மாற்றுக் கருத்து இருக்கிறது பாலு சார், பலமாகவே இருக்கிறது.

நானும் அதே தெருவில்தான் வளர்ந்தேன். துரைசாமி சப்வே வழியாக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவோம். நீங்கள் சொல்லும் வளையலும் ஜிமிக்கியும் எனக்கும் ஆசைதான். ஆனால் வாங்கி முடித்த பிறகு எங்கே நடந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். நடைபாதையில் இடமில்லாமல் தார் ரோட்டில் இறங்கி நடந்தோம். ஒரு பக்கம் வரிசையாக நிறுத்திய வண்டிகள், இன்னொரு பக்கம் உரசுகிற மாதிரி பஸ். நடுவே ஒரு ஆள் போகும் இடுக்கில் நூறு பேர்.

அந்த இடுக்கில் வயசுப் பெண்கள் எப்படி நடப்போம் தெரியுமா? கைப்பையை நெஞ்சோடு அணைத்து, முழங்கை இரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டு. நெரிசலைச் சாக்காக வைத்துக் கை நீட்டுகிறவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் இருந்தார்கள். யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டில் சொன்னால் 'இனிமே போகாதே' என்பார்கள், அதனால் சொல்லவும் மாட்டோம். உங்கள் அக்காவைக் கேளுங்கள், அவரும் சொல்லாமல் இருந்திருப்பார்.

இன்றைக்கு அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு மூட்டிலும் தேய்மானம். பாண்டி பஜாருக்கு அவரை மறுபடி கூட்டிப் போக முடிந்தது இந்த நடைபாதை வந்த பிறகுதான். கொஞ்சம் நடப்பார், பெஞ்சில் உட்காருவார், மறுபடி நடப்பார். நாயுடு ஹாலில் நைட்டி வாங்கி, வெளியே வந்து உட்கார்ந்து, பையைப் பிரித்து மறுபடி ஒருமுறை பார்ப்பார். அந்தச் சந்தோஷத்தை எடுத்துக் கொடுத்துத்தான் தெருவுக்கு உயிர் வரும் என்றால் எனக்கு அது வேண்டாம்.

கோடம்பாக்கம் தம்பி

உஷா அக்கா சொல்வதுதான் சரி. எனக்கு வயது 22, பழைய பாண்டி பஜார் ஞாபகமே இல்லை. ஆனால் இந்த ஊரில் காசு கொடுக்காமல் நண்பர்களோடு இரண்டு மணி நேரம் உட்கார எத்தனை இடம் இருக்கிறது சொல்லுங்கள்? பீச்சை விட்டால் பார்க், அதையும் ராத்திரி பூட்டிவிடுவார்கள். காபி ஷாப்பில் உட்கார்ந்தால் ஒரு காபிக்கே எங்கள் வாரச் செலவு போய்விடும். நாங்கள் பாண்டி பஜார் பெஞ்சில் உட்கார்ந்துதான் இன்டர்வியூவுக்குப் படித்தோம். எங்களுக்கும் அந்தத் தெரு ஞாபகத்தில் நிற்கும். எண்பதுகளில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் அது சொந்தமா?

பனகல் பாலு

தம்பி, யாருக்கும் பட்டா இல்லை. நீ உட்கார்ந்து படித்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

உஷா மேடம், நீங்கள் எழுதியதைப் படித்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'ஆமாடா' என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கை நீட்டியவன் வியாபாரி இல்லை. நடைபாதையில் கடை போட்ட அம்மாக்கள்தான் பல நேரம் அவனைத் திட்டித் துரத்தினார்கள். 'ஏய், யாருடா அவன்' என்று ஒரு பூக்காரம்மா போட்ட சத்தத்தில் ஒருவன் செருப்பை விட்டுவிட்டு ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெருவில் எந்நேரமும் ஆள் இருக்கிறார்கள் என்பதும் ஒரு பாதுகாப்பு. ஒன்பது மணிக்குக் கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகு இப்போது அங்கே நடந்து பாருங்கள்.

சைதை சரவணன்

இரண்டு பேரும் வியாபாரிகளையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடைபாதையை விழுங்கியது அவர்கள் மட்டுமா? பெரிய கடைகள் படிக்கட்டை வெளியே நீட்டியிருந்தன. ஜெனரேட்டர் நடைபாதையில், பெயர்ப் பலகை நடைபாதையில், கடைக்காரரின் டூவீலரும் நடைபாதையில். சாலையின் இரு ஓரமும் கார். வியாபாரி நான்கடி எடுத்துக்கொண்டான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கார் அதைவிடப் பெரிய இடத்தை நாள் முழுக்க எடுத்துக்கொண்டது யார் கண்ணிலும் படவில்லை.

இந்த வட்டாரமே எப்படி வந்தது என்று கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, குடியிருப்புக்கென்று திட்டம் போட்டு உருவாக்கிய நகர் இது. நீதிக்கட்சி காலம். அதனால்தான் தியாகராயர், பனகல் அரசர், டாக்டர் நாயர், உஸ்மான், சௌந்தரபாண்டியனார் என்று அந்தக் காலத்துப் பெயர்களாகவே இருக்கின்றன. வீடு கட்டிக் குடியிருக்கப் போட்ட சாலைகளில் கடைகள் வந்தன, கடைகளைத் தேடி மொத்தத் தமிழ்நாடும் வந்தது. சாலையின் அகலம் மட்டும் அன்றைக்குப் போட்டதுதான்.

இருக்கும் அகலத்தில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. முதலில் வண்டியே விடாத வீதியாக்கலாம் என்றுகூடப் பேச்சு இருந்தது, சோதனைக்கு வண்டிகளை நிறுத்தியும் பார்த்தார்கள். கடைசியில் நடுவில் குறுகலான சாலை, இரு பக்கமும் பெரிய நடைபாதை என்று முடிந்தது. நடக்கிறவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்த தெருக்கள் சென்னையில் குறைவு. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

கடைக்காரர் மகள்

இந்த விவாதத்தை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்பா பாண்டி பஜார் நடைபாதையில் உள்பாவாடையும் நைட்டியும் விற்றவர். அதனால் நானும் எழுதுகிறேன்.

பாலு சார், உங்களுக்கு அது குண்டு பல்பு வெளிச்சம். எங்களுக்கு அது தொழில். மழை வந்தால் முதலில் சரக்கைத்தான் மூடுவோம், அப்புறம்தான் நாங்கள் ஒதுங்குவோம். புரட்டாசி, ஐப்பசியில் மழையும் வரும், தீபாவளி வியாபாரமும் வரும். இரண்டையும் ஒரே தார்ப்பாயில் சமாளிக்க வேண்டும். அம்மா காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். ஏன் என்று பெண்களுக்குத் தெரியும். மாமூல் கேட்டு வருகிறவர்கள் வேறு. கொடுக்காத அன்றைக்குச் சரக்கு மூட்டையோடு வண்டியில் ஏறிவிடும். அதை மீட்க அலைவதற்குள் சீசனே முடிந்துவிடும்.

உஷா அக்கா, உங்களுக்கும் ஒன்று. நீதிமன்றம், உத்தரவு, அவகாசம் என்று பல வருஷம் ஓடி, 2013-ல் வியாபாரிகளை அதே தெருவில் கட்டிய அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள். தலைக்கு மேலே கூரை, சொந்தமாகப் பூட்டு, மழைக்குப் பயமில்லை. அப்பா முதல் நாள் அந்த ஷட்டரை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஆனால் நடைபாதைச் சரக்கு என்பது கண்ணில் பட்டால் வாங்குவது. முப்பது ரூபாய் ஹேர் கிளிப்புக்காக யாரும் மாடிப்படி ஏற மாட்டார்கள். ரோட்டைப் பார்த்த கடைகள் தப்பித்தன. மேலே இருந்தவர்கள் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் ஷட்டரைப் பூட்டிவிட்டு வேறு தெருவில் போய் மறுபடி தரையில் துணியை விரித்தார்கள். அப்பா கடைசிவரை வளாகத்திலேயே இருந்தார். வியாபாரம் பாதிகூட இல்லை.

வளாகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களைத் தெருவின் அழகுக்கு வைத்த பொருள் மாதிரியும் பேசாதீர்கள், தெருவுக்கு வந்த நோய் மாதிரியும் பேசாதீர்கள்.

நெல்லைச் சீமை

வெளியூர்க்காரன் ஒருவனும் சொல்லலாமா? எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் ஜவுளி எடுத்தது தி.நகரில்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரெம்கேவி எங்கள் திருநெல்வேலிக் கடை, போத்தீஸ் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. ஆனாலும் சென்னையில் போய் எடுத்தால்தான் பெண் வீட்டாருக்குத் திருப்தி. 1928-லிருந்து இருக்கும் நல்லியில் ஒரு புடவையாவது எடுக்க வேண்டும் என்று ஆச்சி பிடிவாதமாக இருப்பாள்.

பனகல் பார்க்கைச் சுற்றி இருக்கும் பட்டுக் கடையில் கூரைப்புடவை எடுத்து முடிக்க மத்தியானம் ஆகும். பில் போட்டுப் பையை வாங்கியதும் ஆம்பளைகள் எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைப்போம். பொம்பளைகளுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கும். மேட்சிங் ப்ளவுஸ் பிட், புடவைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிக்க ஆள், உள்பாவாடை, சௌரி, ஸ்டிக்கர் பொட்டு, வளையல், செருப்பு. அத்தனையும் பாண்டி பஜாரில், அதிலும் பாதி நடைபாதையில். பட்டுப் புடவையின் முந்தானையை மட்டும் பையிலிருந்து வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு அத்தை கடை கடையாக நிறம் பார்ப்பாள். 'இது அரக்கு, உங்ககிட்ட இருக்கறது மெரூன்' என்று அந்த வியாபாரியே எழுந்து பக்கத்துக் கடைக்கு அனுப்பி வைப்பார். அன்றைக்கு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுவதற்குள் கல்யாணப் பெண்ணுக்கு வேண்டிய எல்லாமும் முடிந்துவிடும்.

பெரிய கடை கூட்டத்தைக் கொண்டுவந்தது, சின்னக் கடை அந்தக் கூட்டத்தின் வேலையை முடித்துக் கொடுத்தது. இரண்டும் ஒன்றை நம்பி ஒன்று இருந்தன. இப்போது பெரிய கடைகளுக்குள்ளேயே ஒரு மாடியில் பொட்டும் வளையலும் வைத்துவிட்டார்கள். விலை மூன்று மடங்கு. மெரூனா அரக்கா என்று சொல்ல ஆளும் இல்லை. அதனால் என் ஓட்டு பாலு சாருக்கு.

சைதை சரவணன்

நெல்லைச் சீமை அண்ணாச்சி சொன்னது இந்தத் திரியிலேயே முக்கியமான விஷயம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதிலிருந்து பாலு சாரின் முடிவுக்கு நேராகப் போக முடியாது.

தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊரில் எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று பிரித்து அறிவிக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்த சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

வருஷத்தைப் பாருங்கள். பாண்டி பஜாரில் மாற்றியது 2013. சட்டம் வந்தது 2014. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் இந்தத் தெருவின் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

அதற்காக இப்போது கணக்கில்லாமல் திரும்ப விட்டால், ஆறு மாதத்தில் உஷா மேடம் சொன்ன இடுக்குதான் மறுபடி வரும். யாருக்கு எவ்வளவு இடம் என்று கோடு போடாமல் எந்த ஏற்பாடும் நிற்காது.

பனகல் பாலு

கோடு போடுங்கள், நான் வேண்டாம் என்கவில்லையே. இப்போது இருக்கும் அகலத்தில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கடை போட்டால்கூட இரண்டு பேர் கைகோத்து நடக்க இடம் மிஞ்சும். அந்த இடத்தில் இன்றைக்கு என்ன நடக்கிறது? சாயங்காலம் ஆனால் டூவீலர் ஏறி நிற்கிறது. தணிகாசலம் சாலைப் பக்கம் அடுக்குமாடிப் பார்க்கிங் கட்டியும் நடைபாதையில் வண்டி ஏற்றுகிறவர்கள் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வண்டிக்கு ஒதுங்கித் தரும் நடைபாதை வளையல்காரம்மாவுக்கு ஏன் ஒதுங்கித் தரக்கூடாது?

இன்னொன்று, வியாபாரிகள் முழுசாகப் போய்விடவும் இல்லை. மருதாணி போடுகிறவர்கள் குட்டி ஸ்டூலோடு வந்துவிடுகிறார்கள். மாங்காய்ப் பத்தை வருகிறது, வேர்க்கடலை வருகிறது. கூட்டம் இருக்கும் இடத்தில் வியாபாரம் தானாக வரும். யாராவது அதிகாரி வருகிறார் என்றால் எல்லோரும் மூட்டையைக் கட்டிச் சந்துக்குள் ஓடுகிறார்கள். அறுபது வயது அம்மா கூடையோடு ஓடுவதைப் பார்க்க உங்களுக்கு மனசு வருகிறதா? இருக்கட்டும் என்று முடிவு செய்து ஒழுங்காக இடம் கொடுத்துவிடலாமே.

உஷா மேற்கு மாம்பலம்

வண்டி ஏற்றுவதும் தப்புதான். ஒரு தப்பைக் காட்டி இன்னொன்றைச் சரி என்று சொல்ல முடியாது.

கடைக்காரர் மகள் எழுதியது மனசைப் பிசைகிறது, குறிப்பாக அம்மா தண்ணீர் குடிக்காததைப் பற்றி எழுதியது. அந்தத் தெருவில் வாங்க வந்த நாங்களும் அதையேதான் செய்தோம். இவ்வளவு பெரிய கடைத்தெருவில் பெண்கள் நம்பிப் போகக் கழிப்பறை இல்லை என்று எத்தனை வருஷம் தவித்தோம்! வியாபாரம் செய்கிறவரும் வாங்க வந்தவரும் ஒரே கஷ்டத்தைப் பட்டிருக்கிறோம், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

ஆனாலும் என் பயம் போகவில்லை தங்கச்சி. ஒரு வரிசை என்று ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் ஒரு கூடை, கூடைக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டு, பேரம் பேச நிற்கிற நாலு பேர். ஒரு கடைக்கு நான்கடி என்றால் நிற்கிறவர்களோடு சேர்த்து எட்டடி. சக்கர நாற்காலியில் வருகிறவர்களை நான் இப்போதுதான் பாண்டி பஜாரில் பார்க்கிறேன். முன்பு அவர்கள் இந்த ஊரில் இல்லையா என்ன? வீட்டைவிட்டு வர வழி இல்லாமல் இருந்தார்கள். அவர்கள் யாரும் இந்தத் திரியில் வந்து பழைய பாண்டி பஜார் எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுத மாட்டார்கள். எழுத அவர்களிடம் ஞாபகமே கிடையாது.

கோடம்பாக்கம் தம்பி

அக்கா சொன்ன கடைசி விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. எங்கள் வகுப்பில் ஒருவன் ஊன்றுகோலோடு வருவான். சந்திக்கலாம் என்றால் 'பாண்டி பஜார்னா வரேன், ரங்கநாதன் தெருன்னா வரல' என்பான்.

ஒரு சந்தேகம். பனகல் பார்க்கில் மெட்ரோ ஸ்டேஷன் வருகிறதே, அது திறந்தால் இந்த இடமெல்லாம் போதுமா?

சைதை சரவணன்

நல்ல கேள்வி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் வழித்தடத்தில் பனகல் பார்க் ஸ்டேஷன் நிலத்தடியில் வருகிறது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 2023-ல் திறந்த ஆகாய நடைபாலத்தைப் பாருங்கள், அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். திருவிழா நாட்களில் அதுவே நிரம்பி வழிகிறது. மெட்ரோவிலிருந்து ஒரே நேரத்தில் ஏறி வரும் கூட்டம் நேராகப் பாண்டி பஜார் நடைபாதையில்தான் இறங்கும். அதனால்தான் சொல்கிறேன், இருக்கும் அகலத்தில் கை வைக்காதீர்கள்.

நெல்லைச் சீமை

அதையே நான் மறுபக்கமாகச் சொல்வேன். மெட்ரோவில் வருகிறவர்கள் எல்லோரும் பட்டுப் புடவை எடுக்கவா வருவார்கள்? நூறு ரூபாயோடு வருகிறவர்களுக்கும் அந்தத் தெருவில் வாங்க ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கடைகள் இருக்கிறவர்களுக்கு, பெஞ்சு இல்லாதவர்களுக்கு என்று ஆகிவிடும்.

கடைக்காரர் மகள்

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று பேசலாமா? வியாபாரிகளிடம் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், நான் வளர்ந்ததே அந்தப் பேச்சுக்கு நடுவில்தான்.

கடை எண் எழுதிய இடம் வேண்டும். தரையில் பெயிண்டு அடித்தால் ஒரே வருஷத்தில் அழிந்துவிடும், கல்லிலேயே பதிக்க வேண்டும். எண் இருந்தால் மாமூல் கேட்கிறவன் யோசிப்பான், முன்னால் கூடை தள்ளுகிறவனும் யோசிப்பான். பக்கத்துக் கடைக்காரரே விட மாட்டார், அவருக்குத்தானே வழி மறையும். இரவில் சரக்கை வைக்க வளாகத்திலேயே மேல் மாடிக் கடைகளைக் கொடுக்கலாம். விற்க லாயக்கில்லாத இடம் வைக்க லாயக்குதான். கீழே நடைபாதையில் நாலு மணிக்குக் கடை போட்டு, ஒன்பதரைக்கு எடுத்து மேலே பூட்டிவிட்டுப் போகட்டும். காலையிலும் மத்தியானத்திலும் முழு நடைபாதையும் நடப்பவர்களுக்கு.

முக்கியமான ஒன்று: யார் பெயரில் இடமோ அவர்தான் உட்கார வேண்டும். இதில் எங்கள் ஆட்களிடமும் தப்பு உண்டு. கிடைத்த இடத்தை உள்வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்கள் உண்டு. பத்து இடத்தை ஒரே முதலாளி பிடித்து, சம்பளத்துக்குப் பையன்களை உட்கார வைப்பதும் உண்டு. அதைத் தடுக்காவிட்டால் இத்தனை பேச்சும் யாரோ ஒரு பணக்காரருக்குப் போய்ச் சேரும். பாலு சார் தேடும் வளையல்காரம்மாவுக்கு வராது.

பனகல் பாலு

மேல் மாடியைக் கிடங்காக்கி, சாயங்காலம் மட்டும் கீழே கடை என்பது அருமையான யோசனை. எனக்குத் தோன்றவே இல்லை. இதற்கு நான் முழு ஆதரவு. ஒரே ஒரு திருத்தம்: தீபாவளிக்கு முந்தைய மாதமும் பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரமும் நாள் முழுக்க விட வேண்டும். அவர்களுடைய வருஷச் சம்பாத்தியமே அந்த நாட்களில்தான்.

உஷா மேற்கு மாம்பலம்

கல்லில் எண், ஒரே வரிசை, நாலு மணிக்கு மேல். பஸ் நிறுத்தத்தையும் சாய்தளங்களையும் ஒட்டி ஒரு கடைகூடக் கூடாது. கழிப்பறை கட்டி, அதைத் தினமும் கழுவ ஆள் போட வேண்டும். இவ்வளவும் இருந்தால் சோதனையாக ஒரு பக்கத்தில் மட்டும் செய்து பார்க்கலாம், எதிர்க்க மாட்டேன். மற்ற பக்கம் இப்போது இருப்பது மாதிரியே இருக்கட்டும். கடை வேண்டாதவர்கள் அந்தப் பக்கம் நடப்போம்.

தீபாவளி விதிவிலக்குக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் பாலு சார். நெரிசல் உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் நடைபாதை அதிகம் தேவை. அந்த மாதத்தில்தான் எங்களை அதிகம் இடித்தார்கள்.

சைதை சரவணன்

இதையெல்லாம் முடிவு செய்யச் சட்டத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. உஷா மேடம், உங்கள் தெருச் சங்கத்தில் சொல்லி ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் மகள், நீங்கள் எழுதிய ஏற்பாட்டை ஒரு பக்கத்தில் மனுவாக எழுதித் தந்தால் சாலையின் அளவுகளை நான் நேரில் போய் எடுத்து வரைபடம் போட்டுத் தருகிறேன்.

கடைக்காரர் மகள்

எழுதித் தருகிறேன் அண்ணா. அளவெடுக்கப் போகும்போது சாயங்காலம் போங்கள், ஏறி நிற்கும் டூவீலர்களையும் சேர்த்து அளக்க வேண்டும். தீபாவளி விஷயத்தில் நான் பாலு சார் பக்கம். உஷா அக்காவுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் அந்த ஒரு மாத வியாபாரத்தில்தான் என் காலேஜ் ஃபீஸைக் கட்டினார்கள்.

உஷா மேற்கு மாம்பலம்

கோபம் இல்லை தங்கச்சி. ஆனால் மனுவில் அந்த வரி இருந்தால் எங்கள் சங்கத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதை விட்டுவிட்டு மற்றதை எழுது, மறுநாளே போட்டுத் தருகிறேன்.